கணினி கேள்வி – பதில்: பழைய பிராசசர்களுள் எதை எடுப்பது?

இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை பழைய டெஸ்க்டாப் பிராசசர்களைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் எச்61 சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) உள்ள மதர்போர்டு, கோர் ஐ3 2100 பிராசசர், 4 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க் ஆகியவை உள்ளன. போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தால், கோர் ஐ7 2600, கோர் ஐ5 3470 ஆகிய இரண்டும் கிடைக்கின்றன. ஐ7 என்பதால் முதலாவதே மேல் என்கிறார் நண்பர். தலைமுறை புதியது என்பதால் இரண்டாவதே மேல் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஐ7 2600 என்பது 2011 ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பிராசசர். நான்கு கோர்களும் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) எட்டு த்ரெட்களும் (ஒரே சமயத்தில் ஏற்கும் வேலைகள்) 8 எம்பி கேஷும் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) உடையது. அதன் அடிப்படை வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது சுமை வரும்போது தானாகக் கூடும் வேகத்தில், 3.8 வரை ஏறும். ஐ5 3470 அதற்கு அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. நான்கு கோர்கள், நான்கே த்ரெட்கள், 6 எம்பி கேஷ், 3.2 முதல் 3.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை வேகம். இந்த இரு தலைமுறைகளுக்கும் இடையே இன்டெல் செய்த பெரிய மாற்றம், 32 நானோமீட்டர் உற்பத்தி முறையிலிருந்து 22 நானோமீட்டருக்கு இறங்கியதுதான். ஒரே கடிகார வேகத்தில் ஒரு கோர் செய்து முடிக்கும் வேலை சில சதவீதமே கூடியது. அந்தச் சில சதவீதத்தை ஐ7 இன் கூடுதல் 200 மெகாஹெர்ட்ஸ் ஈடுகட்டிவிடுவதால், ஒரு கோரை மட்டுமே நம்பியிருக்கும் வேலைகளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பயன்படுத்துபவர் உணர முடியாது.

வேறுபாடு தெரியும் இடம் த்ரெட்களில் இருக்கிறது. வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது, நிரலைக் கம்பைல் செய்வது போன்ற, பல கூறுகளாகப் பிரித்துச் செய்யத்தக்க வேலைகளில் ஐ7 தெளிவாக முன்னே நிற்கும். ஆயினும் எட்டு த்ரெட் என்பதை எட்டு கோர் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு கோரின் உறுப்புகள் சும்மா இருக்கும் நேரத்தில் இன்னொரு வேலையை அதற்குள் நுழைக்கும் ஏற்பாடு அது. வேலைக்கேற்ப ஏறத்தாழ கால் பங்கு லாபம் கிடைக்கலாம், சில வேலைகளில் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

இனி இருவரும் சொல்லாமல் விட்ட செய்திக்கு வருவோம். எச்61 போர்டு இரண்டாம் தலைமுறைக்காகவே வந்தது. மூன்றாம் தலைமுறைப் பிராசசரும் அதே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும் என்றாலும், போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்நிரல்) பழையதாக இருந்தால் திரையில் ஒன்றும் வராது. எனவே போர்டுத் தயாரிப்பாளர் தம் தளத்தில் வெளியிட்டுள்ள பிராசசர் பட்டியலில் உங்கள் போர்டின் சரியான மாடலையும் பதிப்பு எண்ணையும் தேடி, 3470 அதில் இருக்கிறதா, இருந்தால் எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிப்பை, இப்போதுள்ள ஐ3 பிராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். சில போர்டுகளில் இவ்வாறு ஏற்றியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. ஐ7 2600க்கு இந்தச் சிக்கல் பொதுவாக எழாது. ஆனால் ஐ3 2100க்கு, கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு 65 வாட் என்று குறிக்கப்பட்டிருக்க, இதற்கு 95 வாட் என்பதால், சிறிய கேபினெட்டும் மெல்லிய கூலரும் உடைய கணினியாக இருந்தால் கூலரையும் மாற்ற வேண்டியிருக்கும். 3470 இன் அளவு 77 வாட்.

எங்கள் கருத்து: கேபினெட்டில் காற்றோட்டம் இருந்தால் 2600, நெருக்கடியான கேபினெட்டாக இருந்து பயாஸும் கிடைத்தால் 3470. ஆனால் இவ்விரண்டில் எதை வாங்குவதற்கும் முன்னால், 4 ஜிபி ராமை 8 ஆக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத விரைவுச் சேமிப்பகம்) பொருத்திப் பாருங்கள். எச்61 இல் சாட்டா வேகம் விநாடிக்கு 3 கிகாபிட்டோடு நின்றுவிடுவதால் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காதுதான். இருந்தும், கணினி திறப்பதற்கும் நிரல்கள் எழுந்து வருவதற்கும் நீங்கள் இப்போது காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஹார்டு டிஸ்க்கால் வருவது, பிராசசரால் அன்று. அந்த மாற்றத்துக்குப் பிறகும் ஐ3 போதவில்லை என்று தோன்றினால் அப்போது பிராசசருக்கு வாருங்கள்.

கேள்வி: கோர் 2 டுவோ இ8400 உள்ள கணினியைக் கோர் 2 குவாட் கியூ9550 போட்டு மேம்படுத்தலாமா? போர்டில் ஜி31 சிப்செட் உள்ளது.

பதில்: போடலாம், போர்டின் பட்டியலில் அது இருந்தால். செலவழிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. வேண்டாம் என்பதே எங்கள் விடை.

இ8400 இரண்டு கோர்களோடு 3.0 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. கியூ9550 நான்கு கோர்களோடு 2.83 இல் ஓடுகிறது. இரண்டும் 2008 ஆம் ஆண்டில் வந்த 45 நானோமீட்டர் பிராசசர்கள். நான்கு கோர் என்றாலும் அது உள்ளே இரண்டு இரட்டைக் கோர் சில்லுகளை ஒரே மூடியின் கீழ் வைத்த அமைப்புத்தான். ஒரு சில்லு மற்றொன்றோடு பேச வேண்டுமானால் வெளியே உள்ள பஸ் (தரவுப் பாதை) வழியாகத்தான் போய்வர வேண்டும். ராமைக் கட்டுப்படுத்தும் பகுதியும் பிராசசருக்குள் இல்லை, சிப்செட்டில் இருக்கிறது. இன்டெல் அதை டெஸ்க்டாப் பிராசசருக்குள் கொண்டுவந்தது 2008 இறுதியில் வந்த முதல் கோர் ஐ7 இல்தான். ஏஎம்டி 2003 இலேயே அத்லான் 64 இல் அதைச் செய்துவிட்டிருந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதவை இரண்டு. ஜி31 சிப்செட் 4 ஜிபி ராமுக்கு மேல் ஏற்காது. இன்றைய உலாவிக்கு அது மிகவும் குறைவு. அடுத்து, எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் என்னும் கட்டளைகள் கோர் 2 குடும்பத்தில் எந்தப் பிராசசரிலும் கிடையா. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு இவை இல்லாத பிராசசரில் திறக்கவே திறக்காது. வேறு நிரல்களும் ஒவ்வொன்றாக இவற்றை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. வேகக் குறைவென்றால் காத்திருந்தாவது வேலையை முடிக்கலாம். கட்டளை இல்லாத பிராசசரில் நிரல் தொடங்குவதே இல்லை. போதாக்குறைக்கு, 2018 இல் ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, இந்தக் குடும்பத்தின் 45 நானோமீட்டர் பிராசசர்களுக்கு அதற்கான மைக்ரோகோடு (பிராசசருக்குள் இயங்கும் நிரல்) திருத்தம் தருவதில்லை என்று இன்டெல் முடிவுசெய்துவிட்டது. இ8400 ஓடும்வரை எளிய லினக்ஸ் ஒன்றோடு எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதையும் அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350 எட்டு கோர், 4.0 ஜிகாஹெர்ட்ஸ். கோர் ஐ5 4590 நான்கு கோர், 3.3 ஜிகாஹெர்ட்ஸ். எண்களைப் பார்த்தால் ஒப்பிடவே தேவையில்லை போலிருக்கிறது. இருந்தும் பலர் ஐ5 என்கிறார்களே, ஏன்?

பதில்: கடிகார வேகம் என்பது விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதை மட்டும் சொல்கிறது, ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏறிய பென்டியம் 4 ஐ, 2006 இல் 2 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய வேகத்தோடு வந்த கோர் 2 டுவோ பிராசசர்கள் பின்னுக்குத் தள்ளியது இதனால்தான்.

எஃப்எக்ஸ் 8350, 2012 அக்டோபரில் வந்தது. அதன் எட்டு கோர்கள் நான்கு ஜோடிகளாக, ஏஎம்டியின் சொல்லில் நான்கு மாட்யூல்களாக, அமைந்துள்ளன; ஒவ்வொரு மாட்யூலிலும் முழு எண் கணக்குகளுக்கு இரண்டு தனித்தனிப் பகுதிகள் இருந்தாலும், தசமப் புள்ளிக் கணக்குகளுக்கான பகுதியையும் கட்டளைகளை எடுத்துவரும் பகுதியையும் இரண்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதை எட்டு கோர் என்று விளம்பரப்படுத்தியது சரியா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்து, 2019 இல் ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதோடு அது சமரசத்தில் முடிந்தது. நீதிமன்றத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு கோரின் தனித்திறனில் எஃப்எக்ஸ் பின்தங்கியது என்பதில் ஐயமில்லை. உலாவி, அலுவலக நிரல்கள், பெரும்பாலான பழைய விளையாட்டுகள் ஆகியவை அந்தத் தனித்திறனையே நம்பியிருக்கின்றன.

ஆனால் எஃப்எக்ஸை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமன்று. எட்டு த்ரெட்டையும் நிரப்பும் வீடியோ என்கோடிங் போன்ற வேலைகளில் அது தன் காலத்து நான்கு கோர் ஐ5 பிராசசர்களோடு சமமாக நின்றது, சில இடங்களில் முந்தியும் போனது. அதற்கு அது வாங்கிக்கொண்ட கூலி மின்சாரம்: அதன் அளவு 125 வாட், ஐ5 4590 க்கு 84. மலிவான ஏஎம்3 பிளஸ் போர்டுகளில் மின்சாரம் வழங்கும் பகுதி அவ்வளவு சுமையைத் தாங்காமல் சூடாகி, பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. எஃப்எக்ஸுக்குள் கிராஃபிக்ஸ் இல்லை. போர்டில் இல்லையென்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். ஐ5 4590 இல் அது உள்ளேயே இருக்கிறது.

எதிர்காலத்தையும் பார்க்க வேண்டும். ஏவிஎக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுதி, 2013 இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து கோர் ஐ3, ஐ5, ஐ7 பிராசசர்களில் இருக்கிறது. எஃப்எக்ஸ் 8350 இல் இல்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் 10 ஆம் பதிப்பு இப்போதே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எஃப்எக்ஸும் நல்ல போர்டும் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர் புதிதாகத் தேடிப் போக வேண்டியதில்லை. ஐ5 4590 என்பதே விடை.

கேள்வி: கோர் ஐ5 3470, கோர் ஐ5 3470டி இரண்டும் ஒன்றுதானே? இரண்டாவது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று மட்டும் சொல்கிறார்கள்.

பதில்: ஒன்றன்று. 3470 இல் நான்கு கோர்கள். 3470டி இல் இரண்டே கோர்கள், நான்கு த்ரெட்கள். பெயர் ஐ5 ஆனாலும் அமைப்பில் அது ஐ3 ஐ ஒத்தது. அடுத்த தலைமுறையின் 4570டி யும் அப்படியே. ஆனால் 4590டி இல் நான்கு கோர்கள் உண்டு; வேகம் மட்டும் 2.0 முதல் 3.0 ஜிகாஹெர்ட்ஸ் எனத் தாழ்த்தப்பட்டிருக்கிறது. எழுத்தை நம்பி முடிவுசெய்ய இடமில்லை, முழு எண்ணையும் இன்டெல் தளத்தில் போட்டுப் பார்ப்பதே வழி. மின்சாரச் சேமிப்பைப் பொறுத்தவரை, கணினி சும்மா இருக்கும்போது டி வகைக்கும் சாதாரண வகைக்கும் வேறுபாடு மிகக் குறைவு. முழுச் சுமையில்தான் 35 வாட் என்ற வரம்பு செயல்படும். கைப்பிடி அளவுக் கேபினெட்டுக்கு டி வகை தேவை. மற்றவர்க்கு அது வேகத்தை இழப்பது மட்டுமே.

கேள்வி: முழுக் கணினியாக வாங்க எண்ணுகிறேன். கோர் ஐ7 7700, கோர் ஐ5 8400, ரைசன் 5 1600 ஆகிய மூன்றும் என் வரம்புக்குள் உள்ளன. ஐந்தாறு ஆண்டுகள் ஓட வேண்டும்.

பதில்: மூன்றும் 2017 ஆம் ஆண்டில் வந்தவை, கோர் எண்ணிக்கையில் டெஸ்க்டாப் உலகம் நெடுநாள் தேக்கத்திலிருந்து எழுந்த ஆண்டு அது. 2011 முதல் 2017 வரை இன்டெல்லின் சாதாரண ஐ7 நான்கு கோரிலேயே நின்றிருந்தது. அவ்வாண்டு தொடக்கத்தில் ரைசன் வந்தது. அக்டோபரில் இன்டெல் ஐ5 க்கே ஆறு கோர்கள் கொடுத்துவிட்டது.

ஐ7 7700 நான்கு கோர், எட்டு த்ரெட், 4.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை. ஐ5 8400 ஆறு கோர், ஆறு த்ரெட், 4.0 வரை. ரைசன் 5 1600 ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 3.6 வரை. மூன்றுக்கும் குறிக்கப்பட்ட அளவு 65 வாட். ஒரு கோரின் திறனில் இன்டெல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, ரைசன் சற்றுப் பின்னே. எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலைகளில் ரைசன் முன்னே வரும். இதுவரை பார்த்தால் முடிவெடுப்பது கடினம். விண்டோஸ் 11 ஐ எடுத்துக்கொண்டால் எளிதாகிவிடும்: மைக்ரோசாஃப்டின் பட்டியல் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது, ஒருசில விலக்குகளைத் தவிர ஏழாம் தலைமுறை அதில் இல்லை, ரைசனிலும் 2000 வரிசையைச் சேர்ந்த 2600 உண்டு, 1600 இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தடையைத் தாண்டி நிறுவும் வழிகள் உலவுகின்றன, அவை வேலையும் செய்கின்றன. ஆனால் ஐந்தாறு ஆண்டுக்குத் திட்டமிடுபவர், அடுத்த பதிப்பு தம் கணினியில் ஏறுமோ ஏறாதோ என்ற கவலையை விலைகொடுத்து வாங்குவானேன்? விண்டோஸ் வேண்டுமென்றால் மூன்றில் ஐ5 8400 தான். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி பயாஸில் முடக்கப்பட்டிருக்கலாம், இயக்கிக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவராக இருந்தால் கணக்கு மாறும். ரைசன் 1600 உட்கார்ந்திருக்கும் ஏஎம்4 சாக்கெட்டின் ஆயுள் நீளமானது. அந்தத் தொடக்ககாலப் போர்டுகள் பலவற்றில் தக்க பயாஸ் ஏற்றியபின் 2022 இல் வந்த ரைசன் 5 5600 கூட ஓடும். நாளை பிராசசரை மட்டும் மாற்றி மூன்று தலைமுறை தாண்டலாம் என்பது சிறிய வசதியன்று. ஐ5 8400 க்கான 300 வரிசைப் போர்டு ஒன்பதாம் தலைமுறையோடு நின்றுவிடும். 7700 இருக்கும் 200 வரிசைப் போர்டோ அந்தத் தலைமுறையோடே முடிந்துவிட்டது. 8400 க்கும் சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151 என்றாலும் ஒன்றுக்குரியது மற்றொன்றில் ஓடாது. பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறுவோர் இங்கேதான் மிகுதி. ரைசன் 1600 இலும் 2600 இலும் கிராஃபிக்ஸ் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐ7 3770 க்குப் பதிலாக சியான் இ3 1230 வி2 வாங்கச் சொல்கிறார்கள். சர்வர் பிராசசர் வீட்டுக் கணினியில் ஓடுமா?

பதில்: இந்தத் தலைமுறையில் பெரும்பாலும் ஓடும், வழக்கம்போல் போர்டின் பட்டியலைப் பாருங்கள். நான்கு கோர், எட்டு த்ரெட், 3.3 முதல் 3.7 ஜிகாஹெர்ட்ஸ் என ஐ7 3770 க்கு நெருங்கிய உறவு. கிராஃபிக்ஸ் மட்டும் இல்லாததால், தனி கார்டு இல்லாதவர் இதை மாட்டினால் போர்டிலுள்ள திரை இணைப்புகள் இருண்டே கிடக்கும். எண் 5 இல் முடியும் 1245 வி2 இல் கிராஃபிக்ஸ் உண்டு. ஆறாம் தலைமுறைக்கு இணையான இ3 வி5 சியான்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவற்றை இன்டெல் சர்வர் சிப்செட்டுகளோடு பிணைத்துவிட்டதால் சாதாரண போர்டுகளில் ஓடாது.

கேள்வி: பயன்படுத்திய பிராசசரை வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: பிராசசர் எளிதில் கெடும் பொருளன்று. அதைச் சுற்றியுள்ளவையே முதலில் கெடுகின்றன: போர்டின் கெப்பாசிட்டர்கள், எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), கூலர் விசிறி. ஆகவே போர்டோடு சேர்த்து வாங்குபவர் போர்டையே கூர்ந்து பார்க்க வேண்டும். எல்ஜிஏ சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் கணினி திறக்காமல் போகலாம், அல்லது திறந்து, ராமின் ஒரு சேனலை மட்டும் காட்டாமல் இருக்கலாம். எல்லா ராம் ஸ்லாட்டுகளிலும் ராமை நிரப்பி முழு அளவும் தெரிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். ஏஎம்4 இலும் ஏஎம்3 பிளஸிலும் பின்கள் பிராசசரின் அடியில் இருப்பதால், அதைச் சாய்த்துப் பிடித்து வரிசைகள் நேராக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவற்றில் கூலரை நேராக மேலே இழுத்தால் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்தபின் கூலரை மெல்லத் திருகி எடுப்பதே முறை.

மூடியின் மேல் பொறித்த எண்ணோடு நிற்காமல், விண்டோஸில் சிபியு-இசட் நிரலிலும் லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளையிலும் என்ன பெயர் காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். மூடியில் மாடல் எண்ணுக்குப் பதிலாக ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று இருந்தால் அது வெளியீட்டுக்கு முந்தைய சோதனை மாதிரி. விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள், ஏனெனில் பல போர்டுகளின் பயாஸ் அதை அடையாளம் காணாது. கடைசியாக, புதிய தெர்மல் பேஸ்ட் தடவி, எல்லாக் கோர்களுக்கும் முழுச் சுமை கொடுத்து அரைமணி நேரம் ஓட்டும்போது வெப்பநிலை ஒரு கட்டத்தில் நிலைத்து நிற்கிறதா, கடிகார வேகம் அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் முதலில் கூலரையும், அடுத்துப் போர்டையும், அதன் பின்னரே பிராசசரையும் சந்தேகிக்க வேண்டும்.